வெட்டச் சொன்ன பந்தி

போன கிழமை, பத்திரிகையில் இப்போது வேலை செய்கிற உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயர் வேண்டாம். பத்திரிகைக்கு ஒரு சிறுகதை வந்திருக்கிறதாம். பெரிய இடம் ஒன்று அதில் ஒரு பந்தியை, நாலைந்து வரியை, எடுக்கச் சொல்கிறதாம். எடுக்கலாமா அக்கா என்று கேட்டார்.

எடுக்க வேண்டாம். அவ்வளவுதான் என் பதில்.

ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் படித்த பிள்ளைகள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். விளக்கம் சொல்ல வராது. நடந்த ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். பத்திரிகை அப்போது மொன்றியல் நகரின் வில்லரேயில், டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்குக் கீழே, பேஸ்மென்டில் இருந்தது. மேலே பியர்ப் பெட்டி இறக்கினால் கீழே என் மேசை ஆடும். நான் தட்டச்சு செய்தேன். பக்கம் கட்டினேன். ஆசிரியர் ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். எழுத்து அவருடைய வேலை, கம்ப்யூட்டர் என்னுடைய வேலை. அந்தப் பெட்டியை அவர் தொட்டதே இல்லை.

பத்திரிகை இலவசம். இரண்டு கிழமைக்கு ஒரு முறை வரும். மரண அறிவித்தல், வீடு விற்பனை, ஊர்ச் செய்தி, ராசிபலன். கடைகளில் வைப்போம். அதைவிட மாதா கோயில் பின்கதவடியில்தான் கூடப் போகும். ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போவார்கள். கோயிலடி இல்லையென்றால் பத்திரிகை இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

கார்த்திக் தமிழ்நாட்டுப் பெடியன். இங்கே பல்கலைக்கழகத்தில் பழைய அமெரிக்கக் கதைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தான். ஒரு நாள் கையெழுத்துத் தாள்களோடு படியிறங்கி வந்தான்.

"சார், அமெரிக்கக் கதைங்க. யதார்த்தவாதம்னு சொல்வாங்க. தமிழ்ல பண்ணியிருக்கேன். ஒரு பக்கம் குடுங்க, போதும்."

மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தம்பி, ராசிபலன் போடவே எனக்கு இடம் காணாது."

"ராசிபலன்ல இருக்கிறது நடக்காது சார். இது நடந்தது."

"நடந்ததெண்டா செய்திப் பக்கத்தில போடுவம்."

"கதைதான் சார். ஆனா நடந்த மாதிரி."

"முதல்ல ஒரு முடிவுக்கு வாரும்," என்றார் மாஸ்டர். ஆனால் தாளை வாங்கிவிட்டார்.

நான் தட்டினேன். ஒரு சலவைக்கூடம். உள்ளே நீராவி. ஒரு பெண் துணி தோய்க்கிறாள். மேற்பார்வைக்காரன் நல்லவன், பகிடி விடுகிறவன். ஆனால் யன்னலைத் திறக்க விடமாட்டான். வெளியில் ஆலைக் கரி, துணியில் படிந்துவிடும். வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போகிறாள். மார்கழிக் குளிரில் யன்னலைத் திறந்துவைத்துவிட்டு அதன் முன்னால் நிற்கிறாள். அவ்வளவுதான் கதை. கொலை இல்லை, காதல் இல்லை.

பத்திரிகைக்கு வருமுன் நான் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் தோய்த்தவள். 

கதை வந்த கிழமை தொலைபேசி ஓயவில்லை. ஒரு பெண் கேட்டாள், "உந்த அமெரிக்கன் பொம்பிளை பார்க் எக்ஸ்ரென்சனில எந்த றோட்டில இருக்கிறா? எனக்கு ஆளைத் தெரியும் போல கிடக்கு." ஒரு ஆண் ஏசினார். "நாள் முழுக்க வேலை செய்துபோட்டு வந்து, வேலையைப் பற்றியே வாசிக்கிறதோ? ஒரு சந்தோசமான விசயம் போடத் தெரியாதோ உங்களுக்கு?"

மாஸ்டர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார், "ஏசுறதெண்டா வாசிச்சிருக்கிறார். அடுத்ததைக் கொண்டு வரச் சொல்லு."

கார்த்திக் தேநீர் குடிக்க வரும்போதெல்லாம் சொல்லுவான். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் ஆலை வந்ததாம், ரயில் வந்ததாம், கப்பல் கப்பலாகச் சனம் வந்து இறங்கியதாம். ஒரு தெருவில் மாளிகை, அடுத்த தெருவில் ஒரே அறைக்குள் இரண்டு குடும்பம். அப்போது சிலர் அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதத் தொடங்கினார்களாம். அடுப்பு, வாடகை, சண்டை. அந்தந்த ஊர்ச் சனத்தின் வாயில் என்ன பேச்சு வருமோ அதே பேச்சு. அப்படி எழுதினவர்களில் கனபேர் பத்திரிகையில் வேலை செய்தவர்களாம்.

"எங்களைப் போலவோ?" என்று கேட்டேன்.

"உங்கள மாதிரிதான் அக்கா. ஆனா அவங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துச்சு."

மாஸ்டர் இருமினார்.

"சனம் பேசேல்லையோ தம்பி?" என்று நான் கேட்டேன்.

"பேசாமலா? அசிங்கத்தை எழுதுறான்னாங்க. இந்த இடத்தை வெட்டு, அந்த இடத்தை வெட்டுன்னாங்க. வெட்டினவங்களும் இருக்காங்க அக்கா. வெட்டாம நின்னவங்களும் இருக்காங்க."

அது என் மனதில் கிடந்தது.

றெஜினா வந்தது ஒரு பின்னேரம். முப்பது வயதிருக்கும். குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை. கதிரையில் இருக்கவும் இல்லை.

"அக்கா, உந்தச் சலவைக்காரியின்ர கதை வாசிச்சனான். உப்பிடி எழுதலாமெண்டா நானும் எழுதுவன் எண்டு நினைச்சன்."

"எழுதுமன்."

"எழுதிப்போட்டன்." மடித்த தாள்களை மேசையில் வைத்தாள்.

நகரத்தின் வடக்கே ஒரு தையல் ஃபக்டரியில் அவளுக்கு வேலை. முதலாளி எங்கள் ஆள். கோயிலின் பங்குச் சபையில் இருக்கிறவர். திருநாளுக்கு முன்வரிசையில் நிற்கிறவர். இங்கே வந்திறங்கி, பிரெஞ்சும் தெரியாமல் இங்கிலீசும் தெரியாமல் நின்ற எங்கள் பெண்களுக்கு வேலை கொடுத்தவர். அது பொய் இல்லை.

அந்த ஃபக்டரியில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் எல்லோரும் மெசினடியில் நிற்பார்கள். முதலாளி செபமாலையோடு வருவார். முழுச் செபமாலையும் சொல்லி முடியும். அதற்குப் பிறகுதான் அட்டையை எடுத்துப் பஞ்ச் அடிப்பார்கள். வேலைக்கு வந்த நேரத்தைப் பதிகிற மெசின் இருக்கிறதே, அது. சம்பளக் கணக்கு அதிலிருந்துதான். பின்னேரமும் அப்படித்தான். முதலில் பஞ்ச் அடித்துவிட்டு, அதற்குப் பிறகு நன்றிச் செபம். செபம் முடிந்துதான் கதவு.

அங்கே வேலை செய்த பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். "செபத்தோட தொடங்கிற இடம்" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அது யாருடைய நேரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. மாதாவிடம் நேரக்கணக்குப் பார்க்கலாமா? நாங்கள் வளர்ந்த முறை அப்படி.

றெஜினா கேட்கவும் இல்லை. நடக்கிறதை எழுதியிருந்தாள். மெசினடியில் நிற்கிற ஒரு பெண். செபம் நடக்கிறது. பஸ் பிந்திய ஒருத்தி ஓடி வருகிறாள். முதலாளி செபத்தை நிறுத்தவில்லை, கண்ணை மட்டும் திறந்து மணிக்கூட்டைப் பார்க்கிறார், மூடுகிறார். ஒரு ஏச்சும் இல்லை. அன்று இரவு வீட்டில் மகள் செபமாலையை எடுத்துக்கொண்டு வந்து, அம்மா செபம் சொல்லுவம் என்கிறாள். தாய் சொல்கிறாள், "நீ சொல்லு பிள்ளை. என்ர செபத்தை நான் இண்டைக்கு வித்துப்போட்டன்."

மாஸ்டர் நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார்.

"உது உவர்தானே?"

"பேர் போடேல்லை மாஸ்டர்," என்றேன்.

"பேர் ஏன் பிள்ளை? மொன்றியலில செபமாலை சொல்லித் தையல் தைக்கிற இடம் எத்தினை கிடக்கு?" தாளை என்னிடம் தந்தார். "திருநாள் இதழில போடு."

திருநாள் வாழ்த்துப் பக்கம் பற்றிக் கதைக்க முதலாளி ஒவ்வொரு வருடமும் நேரில் வருவார். அந்த வருடமும் வந்தார். பேரீச்சம்பழக் கேக் கொண்டு வந்தார். என் மேசையில் அச்சுக்குப் போகவிருந்த பக்கம் கிடந்தது. திருநாள் இதழ் என்று எடுத்துப் பார்த்தார். வாசிக்கத் தொடங்கினார்.  மேலே பெட்டி இறக்கினார்கள்.

அவர் கோபப்படவில்லை.

"நல்லா எழுதியிருக்கு மாஸ்டர். ஆர் எழுதினது?"

"வாசகர் ஒராள்."

"ஒரேயொரு இடம்தான் எனக்குப் பிடிக்கேல்லை. செபம் சொல்லுற பந்தி. அதை எடுத்துவிடுங்கோ."

"எடுத்தா கதையில என்ன அண்ணை மிஞ்சும்?" என்றேன். வாயைக் கொடுக்க எனக்கு இடமில்லைத்தான். வந்துவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். குரல் தன்மையாகத்தான் இருந்தது. "தங்கச்சி, முதலாளியை வேணுமெண்டாக் கெட்டவனாக் காட்டுங்கோ. கத்துறான், தூசணத்தால ஏசுறான், பொம்பிளையளின்ர கையைப் பிடிக்கிறான், என்ன வேணுமெண்டாலும் போடுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன். மாதாவை மட்டும் இழுக்காதேங்கோ."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கத்துகிற முதலாளியைப் பற்றி எழுதினால் அவர் மற்றவர்களோடு சேர்ந்து வாசித்துவிட்டு, ஐயோ பாவம் அந்தப் பெண் என்று சொல்லுவார். தான் கத்துவதில்லையே. கதையில் அரக்கன் இருந்தால் ஒரு மனிதனுக்கும் சுடாது. மணிக்கூட்டைப் பார்த்த அந்தக் கண் சுட்டது.

போகும்போது படியில் நின்று சொன்னார், "கோயிலடியில உங்கட பேப்பரை இவ்வளவு நாளும் நான்தான் பாத்துக்கொண்டு வாறன், மாஸ்டர்."

கேக்கை விட்டுவிட்டுப் போனார்.

மாஸ்டர் சாப்பிடாமல் இருந்தார். அன்றைக்கு நான்கு தரம் வெளியே போய் சிகரெட் பிடித்தார். மாலை கார்த்திக் வந்தான். நடந்ததைச் சொன்னோம்.

"சார், இதுக்கு மேல என்ன சார் வேணும்? நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்க நடந்தது இங்க நடக்குது. விடக்கூடாது சார்."

"தம்பி, நீர் படிச்சு முடிச்சிட்டுப் போயிடுவீர். நான் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பக்கத்தில முழந்தாளில நிக்க வேணும்."

 அது நியாயமான பதில். மாஸ்டர் கோழை இல்லை. கோயிலடி போனால் பத்திரிகை போகும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் றெஜினாவைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து நேரே வந்தாள். முதலாளி சொன்னதைக் கேட்டாள். மாஸ்டர் சொன்னார், "புனைபெயரில போடலாம். அந்தப் பந்தியைச் சின்னனாக்கிப் போடலாம். யோசியும்."

"புனைபெயர் வேண்டாம் மாஸ்டர். என்ர பேரைப் போடுங்கோ."

"விசரே உமக்கு? வேலை போகும்."

"பேர் இல்லாட்டி அவர் எல்லாரையும் பாப்பார். ஆர் ஆரெண்டு ஒவ்வொருத்தியாத் துளாவுவார். அங்க நிக்கிறதுகள் பாவங்கள், வாய் திறக்காததுகள். எழுதினது நான். என்னையே பாக்கட்டும்."

"அந்தப் பந்தி?"

"அது கதை மாஸ்டர். மிச்சமெல்லாம் அதுக்குப் போட்ட சட்டை."



மறுநாள் அச்சுக்கு அனுப்புகிற நாள். அச்சகம் லாசாலில். மத்தியானத்துக்குள் பக்கங்கள் போய்ச் சேராவிட்டால் எங்கள் முறை போய்விடும், திருநாளுக்கு இதழ் இல்லை. காலையில் மாஸ்டர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். நெடுநேரம் நின்றார்.

"அந்தப் பந்தியை எடு பிள்ளை."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்தா இடைவெளி வரும்," என்றேன்.

"மாதா படம் ஒண்டு போடு."

நான் கதிரையை விட்டு எழும்பினேன். "நீங்களே எடுங்கோ மாஸ்டர். எனக்குக் கை வராது."

"எனக்கு உது ஏலாதெண்டு உமக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

அவர் என் கதிரையில் இருந்தார். மவுஸைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல பிடித்தார். ஏதோ அழுத்தினார். மரண அறிவித்தல் பக்கம் வந்தது. இன்னொன்றை அழுத்தினார். எல்லா எழுத்தும் பெரிதாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கார்த்திக் படியிறங்கி வந்தான்.

"தம்பி, இதில ஒரு பந்தி எடுக்க வேணும். வாரும்."

கார்த்திக் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியாது சார்."

"எழுத வேண்டாம். அழிக்க வேணும்."

"அழிக்கவும் தெரியாது சார்."

மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழும்பி, கேக் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

"ரெண்டும் கழுதையள்," என்றார். "அனுப்பு. அவளின்ர பேரோட அனுப்பு."

அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பின்கதவடியில் வைத்த கட்டு, பூசை முடியும்போது அங்கே இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. காரில் இன்னொரு கட்டு வைத்திருந்தேன். கோயில் வளவுக்கு வெளியே, நடைபாதையில் நின்று கொடுத்தேன். நடைபாதை நகரசபைக்குச் சொந்தம். றெஜினாவும் வந்து பக்கத்தில் நின்றாள். சிலர் வாங்கினார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் நின்று கத்தினார்.

"மாதாவுக்கு விரோதமான பேப்பரை மாதா கோயில் வாசல்ல விக்கிறியளோ?"

"விக்கேல்லை ஐயா, சும்மா குடுக்கிறம்," என்றாள் றெஜினா. "மாதாவும் ஒரு தச்சன்ர வீட்டுப் பொம்பிளைதான். அவவுக்கு வேலைக்காற வீட்டு நிலைமை விளங்கும்."

அவர் காரில் ஏறும்போது ஒரு பிரதியோடுதான் ஏறினார்.

திங்கட்கிழமை நடந்ததை றெஜினா சொன்னாள். பிறகு வேறு இரண்டு பெண்களும் சொன்னார்கள், ஒரே மாதிரி. முதலாளி வழக்கம் போல செபமாலையோடு வந்தாராம். எல்லோரும் மெசினடியில் நின்றார்கள். றெஜினா மட்டும் நேரே போய் அட்டையை எடுத்தாள். டக். திரும்பி வந்து கைகூப்பி நின்றாள். ஒருவரும் அசையவில்லை. பிறகு அங்கே வயதில் மூத்த பெண், நாள் தவறாமல் பூசைக்குப் போகிறவர், "எனக்கு முழங்கால் ஏலாது, பேந்து வரிசையில நிக்கேலாது" என்று யாருக்கோ சொல்வது போல சொல்லிக்கொண்டு போனார். டக். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாய். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டபடி நின்றாராம். கடைசி அட்டை அடித்த பிறகு செபத்தைத் தொடங்கினாராம்.

இந்த இடத்தில் நிறுத்தினால் உங்களுக்கு நல்ல கதை. ஆனால் இது நடந்தது. நிறுத்த முடியாது.

அடுத்த கிழமை செபமாலை சுருங்கியது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்குள் செபமே நின்றுவிட்டது. வேலை கூடிப்போச்சு என்றார் முதலாளி. சில பெண்கள் றெஜினாவோடு கதைக்காமல் விட்டார்கள். ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாளாம், "எங்களுக்கெண்டு கிடந்தது அந்த ஒரு நேரம்தான். எல்லாரும் சேர்ந்து வாய்விட்டுத் தமிழ் சொல்லுற நேரம். அதையும் கெடுத்துப்போட்டாய். சந்தோசமோ?" பனி கரையும்போது றெஜினாவுக்கு வேலை இல்லை என்றார்கள். ஓடர் குறைவாம். அவள் லாசாலில் பெட்டி அடுக்குகிற வேலைக்குப் போனாள். எங்கள் பத்திரிகைக்குக் கோயிலடி திரும்பக் கிடைக்கவில்லை. ஞாயிறு ஞாயிறாக நடைபாதையில் நின்றோம். பனியிலும் நின்றோம். பத்திரிகை மெலிந்தது. சாகவில்லை. சாகாததால்தான் நீங்கள் இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள்.

கோடையில் றெஜினா இன்னொரு கதை கொண்டு வந்தாள். செபம் நின்றுபோன ஒரு ஃபக்டரி. மெசின் சத்தம் மட்டும். அதை நிறுத்தியவளோடு ஒருவரும் கதைக்காத ஒரு சாப்பாட்டு நேரம். கடைசிப் பந்தியில் அவள் தனியே இருந்து, மற்றவர்களிடமிருந்து தான் எதை எடுத்துவிட்டேன் என்று யோசிக்கிறாள். பதில் இல்லை. கதை முடிகிறது.

மாஸ்டர் வாசித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பிள்ளை, உது உமக்கே எதிரான கதை."

"ஓம் மாஸ்டர்."

"கடைசிப் பந்தி இல்லாட்டி நீர் வென்ற மாதிரி இருக்கும்."

 நான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"இரும், இரும்!" என்று மாஸ்டர் கையைக் காட்டினார். "ஆர் இப்ப எடுக்கச் சொன்னது?"

இதுதான் நான் சொல்ல வந்தது. ஒரு விசயம் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம். அன்றைக்கு அந்தப் பெட்டி என் ஒருத்திக்குத்தான் தெரியும். நான் எழும்பியது போதும். இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் எழும்பினால் மற்றவர் இருந்து வெட்டிவிடுவார்.

ஆகவே எல்லோரும் எழும்புங்கள்.